காந்தள் என்ன குடும்பம்?

ஐப்பசியில் நாலு நல்ல மழை விழுந்தால் போதும். தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வேதாரண்யம் வரைக்கும் கடலோர வேலிகளிலும் மணல்மேட்டுப் புதர்களிலும் ஒரு கொடி மேலே ஏறி வந்துவிடும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகை பிறக்கும்போது உச்சியில் தீப்பிடித்த மாதிரிப் பூ. அதே சமயத்தில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகளும் ஒரு பழைய செய்தித்தாள் கட்டோடு கிளம்பிவிடுவார்கள். ஹெர்பேரியம் ஒப்படைக்க வேண்டும், ரெக்கார்டு நோட்டு முடிக்க வேண்டும். கொடியைக் கிழங்கோடு பிடுங்கி, அமுக்கி, காயவைத்து, அட்டையில் ஒட்டி, கீழே ஒரு சீட்டு எழுதுவார்கள். குளோரியோசா சுப்பெர்பா. குடும்பம்: லிலியேசி. முடிந்தது, மதிப்பெண் வந்துவிடும்.

அந்தச் சீட்டில் இரண்டு வரிதான் இருக்கிறது. முதல் வரி சரி, இரண்டாம் வரி தப்பு. எழுதாமல் விட்ட வரிகள்தான் உண்மையில் முக்கியமானவை. இந்தச் சின்னச் சீட்டைப் பற்றி இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இது தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஈழத்தில் இது கார்த்திகைப்பூ. ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசியப் பூ. இவ்வளவு பெருமையைத் தலையில் சூட்டிய ஒரு செடியைப் பற்றியே ஒழுங்காக நாலு வரி எழுத முடியாதவர்கள், பெயர் தெரியாத புல்பூண்டுக்கு என்ன நியாயம் செய்யப் போகிறார்கள்?

காந்தள் என்று சொன்னவுடன் நம்மூரில் இரண்டு கட்சி எழுந்து நிற்கும். ஒன்று பழம்பெருமைக் கட்சி. "லின்னேயஸ் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்னாலேயே நாங்கள் தாவரங்களை வகைப்படுத்திவிட்டோம்" என்பது இவர்களுடைய வாட்ஸ்அப் வாசகம். இன்னொன்று லத்தீன் கட்சி. "ஊருக்கு ஊர் மாறும் வட்டாரப் பெயரெல்லாம் அறிவியல் ஆகாது, இருசொற் பெயர் ஒன்றே பெயர்" என்பது இவர்களுடைய வேதம். முதல் கட்சி மேடையில் இருக்கிறது, இரண்டாவது கட்சி வகுப்பறையில் இருக்கிறது. இரண்டும் சண்டை போடுவது போலத் தெரிந்தாலும், செய்யும் தவறு ஒன்றேதான். பெயர் வைப்பதையும் வகைப்படுத்துவதையும் ஒரே காரியம் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் பெருமைக் கட்சி. இவர்கள் நீட்டும் முதல் ஆதாரம் குறிஞ்சிப்பாட்டு. கபிலர் வரிசையாகத் தொண்ணூற்றொன்பது பூக்களைச் சொல்லிப் போகிறார், அதில் முதலில் நிற்பது காந்தள். உலக இலக்கியத்திலேயே இப்படி ஒரு பூப்பட்டியல் அபூர்வம் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பட்டியல் வேறு, வகைப்பாடு வேறு. கபிலர் எதற்கு எது உறவு என்று சொல்ல வரவில்லை, பெண்கள் பறித்துக் குவித்த பூக்களைச் சொல்ல வந்தார். கவிதைக்கு அது போதும். அவர் கேட்காத பட்டத்தை அவருக்குக் கட்டிவிடுவது மரியாதை ஆகாது.

இதே பட்டியலில் காந்தள் ஒன்றாகவும், தோன்றி இன்னொன்றாகவும், கோடல் மற்றொன்றாகவும் வருகின்றன. கோடல் என்றால் வெண்காந்தள் என்கிறார்கள் உரைகாரர்கள். தோன்றி என்றால் செங்காந்தள் என்று அகராதி சொல்கிறது. அப்படியானால் இவை மூன்று செடிகளா, இரண்டா, ஒன்றேதானா? பெருமைக் கட்சிக்காரர் யாரும் இந்தக் கேள்விக்குள் போவதில்லை. போனவர்கள் மிகச் சிலர். பி. எல். சாமி 'சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். கு. சீநிவாசன் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' எழுதினார். பாட்டையும் செடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த உழைப்பு அது. அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டுப் பெருமை பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காந்தள் கொடியைப் பத்து நாள் தொடர்ந்து பார்த்தவருக்கு இந்தக் குழப்பம் எங்கே தொடங்கியிருக்கும் என்று ஒரு யோசனை வரும். இந்தப் பூ மொட்டாக இருக்கும்போது பச்சை. விரியும்போது அடிப்பக்கம் மஞ்சள், மேல்பக்கம் சிவப்பு. நாள் ஆக ஆக மஞ்சள் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் இதழ் முழுவதும் இரத்தச் சிவப்பு. ஒரே கொடியில், ஒரே நேரத்தில், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மூன்று நான்கு பூக்கள் நிற்கும். அதைப் பார்த்து ஒரு ஊர்க்காரர் ஒரு பெயரும், வேறு நாளில் பார்த்த இன்னொரு ஊர்க்காரர் வேறு பெயரும் வைத்திருந்தால் ஆச்சரியமில்லை. மூன்று பெயருக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல வரவில்லை. பாட்டில் உள்ள பெயருக்கு இன்றைய செடியைப் பொருத்துமுன் செடியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

அடுத்த ஆதாரம் தொல்காப்பியம், மரபியல். இது கொஞ்சம் கனமான ஆதாரம். வெளிப்பக்கம் உறுதியாக இருப்பது புல், உள்பக்கம் உறுதியாக இருப்பது மரம் என்று அங்கே ஒரு வரையறை இருக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல் பக்கம் போய்விடும். இது நிச்சயமாக வகைப்பாடுதான், அதுவும் கண்ணால் பார்த்து, அரிவாளால் வெட்டிப் பார்த்துக் கண்ட வகைப்பாடு. ஒருவித்திலை, இருவித்திலை என்ற இன்றைய பிரிவுக்கு ஓரளவு பக்கத்திலேயும் வருகிறது. மெச்ச வேண்டியதுதான். ஆனால் ஒரு குணத்தை மட்டும் வைத்துப் பிரித்தால், அந்தக் குணமே இல்லாத செடி வந்து நின்றால் என்ன செய்வது? காந்தளுக்கு வெளியிலும் வைரம் இல்லை, உள்ளேயும் வைரம் இல்லை. மழை நின்றால் மேலே உள்ள கொடி முழுக்கக் காய்ந்து உதிர்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். மாநிலப் பூவையே வைக்க இடம் இல்லாத ஒரு வகைப்பாட்டை, "எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்" என்று எப்படிக் கொண்டாடுவது?

சரி, இப்போது லத்தீன் கட்சிக்கு வருவோம். இவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுவிடலாம். காந்தள், செங்காந்தள், கார்த்திகைக் கிழங்கு, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு, தலைச்சுருளி, அக்கினிச்சலம், இலாங்கலி என்று ஒரே கொடிக்கு இத்தனை பெயர் இருந்தால், திருப்பூர் வியாபாரியும் சிங்கள நாட்டு வைத்தியரும் ஜெர்மன் வேதியியலாளரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? பொதுப்பெயர் ஒன்று வேண்டும். அது லத்தீனில் இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் அந்த லத்தீன் பெயர் வானத்திலிருந்து குதித்ததா? கதையைக் கேளுங்கள்.

17-ஆம் நூற்றாண்டில் கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலபார்ச் செடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்று 12 தொகுதிகள் வெளியிட்டார், 1678 முதல் 1693 வரை. அதில் நம் கொடி 'மேந்தோன்னி' என்ற பெயரில் வருகிறது. தமிழில் 'ஒன்று' என்பது மலையாளத்தில் 'ஒன்னு' ஆகும், 'கன்று' 'கன்னு' ஆகும். அப்படியானால் 'தோன்னி' என்ன? தோன்றியேதான்! குறிஞ்சிப்பாட்டில் இருக்கும் அதே தோன்றி, ஆம்ஸ்டர்டாமில் அச்சான லத்தீன் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதே காலத்தில் இலங்கையில் வேலை பார்த்துவிட்டுப் போன பால் ஹெர்மான் இந்தச் செடியை 'மெத்தோனிக்கா மலபாரோரும்', அதாவது மலபார் மக்களின் மெத்தோனிக்கா, என்று எழுதினார். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழர்களையும் மலபாரியர் என்றே சொன்னார்கள். தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய சீகன்பால்க் கூடத் தமிழை மலபார் மொழி என்றுதான் எழுதினார். ஆக, ஐரோப்பியத் தாவரவியலில் இந்தப் பேரினத்துக்கு இருந்த பழைய பெயர் நம் பக்கத்து நாக்கிலிருந்து போனது.

பிறகு லின்னேயஸ் வந்தார். 1737-இல் வெளியான 'கிரித்திக்கா பொட்டானிக்கா' என்ற நூலில் ஒரு விதி எழுதினார். கிரேக்கத்திலோ லத்தீனிலோ வேர் இல்லாத பேரினப் பெயர்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்த விதி. 1753-இல் 'ஸ்பீஷீஸ் பிளான்டாரம்' வந்தபோது செடியின் பெயர் குளோரியோசா சுப்பெர்பா. புகழுடையது, செருக்குடையது என்று பொருள். மெத்தோனிக்கா என்பது அடியில் பழைய பெயராக ஒதுங்கிவிட்டது. தாவரப் பெயர்களுக்குத் தொடக்கம் 1753 என்று பின்னால் உலகம் ஒத்துக்கொண்டதால் குளோரியோசாதான் இன்றும் சட்டப்படியான பெயர். அதை மாற்ற வேண்டும் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் "வட்டாரப் பெயர் அறிவியலுக்கு ஆகாது" என்று வகுப்பில் சொல்லும் வாத்தியார், வட்டாரப் பெயர் அறிவியலுக்குள் இருந்ததையும், அது செடியில் கண்ட குற்றத்துக்காக வெளியேற்றப்படவில்லை, மொழிக்காக வெளியேற்றப்பட்டது என்பதையும் ஒரு தடவையாவது சொல்லித்தொலைக்கலாம் அல்லவா?

அடுத்தது வகைப்பாடு. இங்கேதான் லத்தீன் கட்சி தன் சொந்த வீட்டையே சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியும். லின்னேயஸின் முறை எண்ணும் முறை. மகரந்தத்தாள் எத்தனை, சூல்தண்டு எத்தனை என்று எண்ணி 24 வகுப்புகளில் போட்டார். காந்தளுக்கு மகரந்தத்தாள் ஆறு, சூல்தண்டு ஒன்று. ஆகவே ஹெக்ஸாண்ட்ரியா வகுப்பு, மோனோகைனியா வரிசை. அதே வரிசையில் வெங்காயமும் இருந்தது. நம் நெல்லுக்கும் ஆறு மகரந்தத்தாள் உண்டு. புல் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றுதான், நெல் அந்த விஷயத்தில் தனி. சூல்தண்டு இரண்டு என்பதால் அதே ஹெக்ஸாண்ட்ரியாவில் அடுத்த வரிசைக்குப் போனது. காவிரிக்கரை நெல்லும் வேலிக்காந்தளும் ஒரே வகுப்பு! ஐரோப்பாவில் கோல்ச்சிக்கம் என்று ஒரு செடி உண்டு, இலையுதிர் காலத்தில் தரையிலிருந்து நேராகப் பூ வரும். அதற்கும் ஆறு மகரந்தத்தாள், ஆனால் சூல்தண்டு மூன்று. ஆகவே அது மூன்றாவது வரிசை. காந்தளிடமிருந்து பிரித்துத் தூர வைத்தாகிவிட்டது. இந்தக் கோல்ச்சிக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பெந்தமும் ஹூக்கரும் வந்தார்கள். 1862 முதல் 1883 வரை வெளியான அவர்களுடைய முறைதான் நம் கல்லூரிகளின் குலதெய்வம். அதில் லிலியேசி என்ற குடும்பம் ஒரு பெரிய கூடை. ஆறு இதழ், ஆறு மகரந்தத்தாள், மேலே நிற்கும் மூவறைச் சூலகம், இவ்வளவு இருந்தால் போதும், உள்ளே போடு. வெங்காயம், பூண்டு, சோற்றுக்கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு, நரிவெங்காயம், காந்தள் எல்லாம் ஒரே கூடை. கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும் அதே கூடையைத்தான் பயன்படுத்தியது. அது அன்றைக்கு இருந்த அறிவு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1998-இல் ஏபிஜி குழு டிஎன்ஏ அடிப்படையில் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. 2003, 2009, 2016 என்று மூன்று முறை திருத்தியும் ஆயிற்று. கூடை உடைந்துவிட்டது. வெங்காயம் அமரில்லிடேசிக்குப் போனது. கற்றாழை அஸ்ஃபோடெலேசி. தண்ணீர்விட்டானும் நரிவெங்காயமும் அஸ்பராகேசி. காந்தள் போய்ச் சேர்ந்த இடம் கோல்ச்சிகேசி, அந்த ஐரோப்பியக் கோல்ச்சிக்கத்தின் குடும்பம். லின்னேயஸ் பிரித்து வைத்த இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

பெருமைக்காரர்களுக்கு இன்னொரு செய்தியும் இதிலேயே இருக்கிறது. குளோரியோசா பேரினத்தில் இன்று கணக்குக்குப் பத்துச் சொச்சம் சிற்றினங்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவில்தான். இந்தியாவில் ஒன்றே ஒன்று, நம் காந்தள். அதுவும் ஆப்பிரிக்காவிலும் உண்டு. லிட்டோனியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்த ஆப்பிரிக்கச் செடிகளையும் 2007-இல் குளோரியோசாவோடு சேர்த்துவிட்டார்கள். தமிழர் பூ என்பது பண்பாட்டு உண்மை. தாவரத்தின் சொந்தக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"பத்து வருடத்துக்கு ஒரு தடவை பெயரையும் குடும்பத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் எதைத்தான் படிப்பது?" என்று ஆசிரியர்களே சலித்துக்கொள்வது உண்டு. இந்தச் சலிப்புக்கு ஒரே பதில்தான். வகைப்பாடு என்பது உறவு பற்றிய ஒரு கருத்து. புதிய சான்று வந்தால் கருத்து மாறத்தான் வேண்டும். மாறாத கருத்து வேண்டுமென்றால் சோதிடம் படிக்கலாம். சில சமயம் மாற்றம் பழையதற்கே திரும்புவதும் உண்டு. வீட்டுக் கொல்லையில் இருக்கும் கறிவேப்பிலையே அதற்குச் சாட்சி. 1771-இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் பெர்கேரா கோனிகி. தரங்கம்பாடியில் இருந்த கோனிக்கின் பெயர்தான் அது. 1825-இல் அதை முர்ராயா கோனிகி ஆக்கினார்கள், எல்லாப் புத்தகத்திலும் அதுவே நிலைத்தது. இப்போது டிஎன்ஏ பார்த்தபின் க்யூ தோட்டத்தின் பட்டியலில் மறுபடியும் பெர்கேரா.

குடும்பப் பெயர் எதுவானால் என்ன, பூ பூத்தால் சரி என்பவர்களுக்கு, கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தளில் வேர் முதல் விதை வரை விஷம். முக்கியமான விஷம் கோல்ச்சிசின். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்ணிழைகளைக் கட்டவிடாமல் செய்யும் பொருள் அது. அளவோடு கொடுத்தால் கீல்வாத மருந்து. அளவு மீறினால் முதலில் வாந்தியும் பேதியும், பிறகு ஒவ்வொரு உறுப்பாகச் செயலிழப்பு. இந்தப் பொருளை 1820-இல் பெல்லெத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தது எதிலிருந்து? கோல்ச்சிக்கத்திலிருந்து. பின்னால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பொருள் காந்தள் கிழங்கிலும் இருப்பதைக் கண்டார்கள். அதாவது, டிஎன்ஏ வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே வேதியியல் 'இவை இரண்டும் ஒரு குடும்பம்' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கூடையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்குக் காது கேட்கவில்லை.

இப்போது அந்தச் சீட்டுக்குத் திரும்புங்கள். லிலியேசி என்று படிக்கும் பிள்ளைக்குப் பாடநூலில் அந்தக் குடும்பத்தின் மாதிரிச் செடி எது? பெரும்பாலும் வெங்காயம்! தினமும் சாம்பாரில் போடும் வெங்காயத்தின் பங்காளி என்று காந்தளை அறிமுகப்படுத்துகிறோம். இலங்கையிலும் இந்தியாவிலும் காந்தள் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. கோல்ச்சிகேசி என்ற பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஊர்க்காரர்களின் பெயரிலும் தகவல் இருக்கிறது. கலப்பைக் கிழங்கு என்றால் கிழங்கு கலப்பை மாதிரி கோணலாக, இரண்டு கையாகப் பிரிந்து இருக்கும் என்று அர்த்தம். வடமொழியில் இலாங்கலி என்பதற்கும் கலப்பைதான் மூலம். மண்ணைத் தோண்டும்போது வள்ளிக்கிழங்கிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த ஒரு சொல் போதும். லிலியேசி என்ற சொல்லில் மட்டும்தான் எந்தத் தகவலும் இல்லை. அதைத்தான் எழுதச் சொல்கிறார்கள். (லில்லி என்றால் அல்லி என்று மொழிபெயர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அல்லி குளத்தில் இருப்பது, இந்தக் கூட்டத்துக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை.)

இந்தச் சண்டைக்குத் தரங்கம்பாடியை இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் லின்னேயஸ் முறைத் தாவரவியல் கால் ஊன்றிய இடங்களில் முக்கியமானது அந்தச் சின்ன டேனிஷ் ஊர். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் டேனியர் பெற்ற ஊர், 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற ஊர். லின்னேயஸிடம் நேரில் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் அங்கே மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் வேலை, பிறகு கம்பெனியில் வேலை, நடுவே சயாம், மலாக்கா பயணம், 1785-இல் காக்கிநாடா பக்கம் மரணம். இஞ்சி, மஞ்சள் கூட்டத்தைப் பற்றி அவர் எழுதியதை லுண்டில் இருந்த ரெட்சியஸ் 1783-இல் அச்சிட்டார். காட்டு நிழலில் வளரும் மணமுள்ள கிழங்குச் செடியான ஹெடிக்கியம் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் கோனிக்தான். அவர் மூட்டிய ஆர்வத்தில் ஜான், ரோட்லர், கிளைன், ஹெய்னே என்று ஒரு வட்டமே உருவானது. செடியைக் காயவைத்து கோபன்ஹேகன், பெர்லின், லண்டன் என்று அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்கள் பெயர் வைத்து அச்சிட்டார்கள்.

கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அச்சுக்கூடக் கதை கிடைக்கும், பீரங்கிக் கதை கிடைக்கும். செடிக்கதை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். சொன்னாலும் "வெள்ளைக்காரர் வந்து கண்டுபிடித்தார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கோனிக்குக்கு எந்தச் செடி எந்த ஓடைக்கரையில் இருக்கும் என்று காட்டியது யார்? பொறையாறு பக்கத்து வேலியில் ரோட்லருக்குப் பெயர் சொன்னது யார்? கொச்சியில் வான் ரீட் ஒரு காரியம் செய்தார். தனக்குத் தகவல் தந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சான்றுரையையும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி பிராமணர்களின் சான்றுரையையும் அவரவர் எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சிட்டார். இன்றும் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. நூறு வருடம் கழித்து வந்த தரங்கம்பாடி வட்டத்திலிருந்து அப்படி ஒரு பெருநூல் எழவில்லை. 1710-களிலேயே தமிழில் அச்சடித்த ஊர் அது. அந்த ஊரில் பிறந்த தாவரக் குறிப்புகளோ லத்தீனிலும் ஜெர்மனிலும் ஐரோப்பாவில் அச்சாயின. பல செடிகளுக்கு ஊர்ப்பெயர் கூடக் கிடையாது, 'கிழக்கிந்தியாவில் வாழ்வது' என்று ஒரே வரி. பனையூரா, பழவேற்காடா, யாருக்குத் தெரியும்!

ஆனால் அந்த வட்டத்திலேயே இரண்டு கட்சிக்கும் பதிலாக ஒரு மனிதர் இருந்தார். ரோட்லர் 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். தரங்கம்பாடியிலிருந்து சென்னை வரை போய்த் திரும்பிய வழியில் கண்ட செடிகளைப் பற்றிய அவருடைய குறிப்புகள் வில்டெனோவின் அடிக்குறிப்புகளோடு 1803-இல் பெர்லினில் வெளியாயின. அதே ரோட்லர்தான் பின்னால் சென்னை வேப்பேரியில் உட்கார்ந்து தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்தார். 1834-இல் அச்சேறத் தொடங்கிய அந்த அகராதி, 1836-இல் அவர் இறந்தபின் மற்றவர்களால் 1841-இல் முடிக்கப்பட்டது. செடிக்கு லத்தீன் பெயர் தேடியவரும், தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் தேடியவரும் ஒரே ஆள். அவருக்கு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. இருநூறு வருடம் கழித்து நமக்கு மட்டும் ஏன் அடித்துக்கொள்கிறது?

இதற்கிடையில் செடியின் நிலைமை வேறு மாதிரி. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கமெல்லாம் கண்வலிக்கிழங்கு பணப்பயிர். கொடிக்குக் கம்பி கட்டி, பூக்காலத்தில் காலையில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்து, மகரந்தத்தாள்களை விட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க அது செய்துகொண்ட ஏற்பாடு. தோட்டத்தில் பட்டாம்பூச்சியையும் தேன்சிட்டையும் மட்டும் நம்பினால் விதை போதாது, அதனால் கை வேலை. விதை மருந்துத் தொழிலுக்குப் போகிறது. நல்ல வருமானம் வரும் வருடமும் உண்டு, விலை விழுந்து தலையில் கைவைக்கும் வருடமும் உண்டு. இதற்கு நடவுக் கிழங்கு எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தோண்டி வந்ததுதான் தொடக்கம். விவசாயியைக் குற்றம் சொல்வதற்கில்லை, அவர் பயிராவது செய்கிறார். வேலியை இடித்துச் சுவர் வைப்பவர்களும், மணல்மேட்டைச் சமன்செய்து மனை போடுபவர்களும் அதுகூடச் செய்வதில்லை. மாநிலப் பூ என்ற பட்டம் அரசு விளம்பரப் பலகையில் படமாக நிற்கிறது. பட்டம் கொடுத்ததால் ஒரு புதராவது பிழைத்ததா?

தாவரவியல் துறைகளுக்கு இது எட்டாத காரியமில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு கே. எம். மத்தேயு தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுதவில்லையா? காவிரிக்கரையிலேயே செய்த வேலை அது. ஆளாளுக்கு ஐம்பது செடியைப் பிடுங்கி வரச்சொல்வதை நிறுத்திவிட்டு, ஐந்தே ஐந்து செடியை ஒரு பருவம் முழுக்கப் பார்த்து எழுதச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? தேர்வு முடிந்த மறுநாள் குப்பைக்குப் போகும் அட்டைகளுக்காகக் கொடி கொடியாகக் கிழங்கைத் தோண்டுவதை எந்த அறிவியல் கேட்டது?

அந்தச் சீட்டையும் கொஞ்சம் பெரிதாக வெட்டலாம். குளோரியோசா சுப்பெர்பா, கோல்ச்சிகேசி. எடுத்த நாள். எடுத்த ஊர், தெரு, வேலி. பக்கத்தில் நின்ற செடி எது. பூ பச்சையா, மஞ்சளா, சிவப்பா, எத்தனையாவது நாள். அந்த ஊரில் அதற்கு என்ன பெயர், அந்தப் பெயரைச் சொன்னவர் யார். ஆடு மேய்க்கும் பாட்டி சொன்னால், அவர் சம்மதித்தால், பாட்டியின் பெயர். மேலே ஒரு பூ, இரண்டு இலை, முற்றிய காய் ஒன்று இருந்தால் அதுவும். கிழங்கைப் படம் வரைந்தால் போதும், அது மண்ணிலேயே இருக்கட்டும்.